சனிக்குப் போக இருந்த கப்பல்

ஆதர் சி. கிளார்க்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ நாவலை நான் 1993இல் படித்தேன். ஸ்டான்லி குப்ரிக்கின் படத்தைப் பார்த்தது 2003இல். பலரும் படத்தைப் பார்த்து, முடிவு விளங்காமல், விளக்கம் தேடி நாவலுக்குப் போனவர்கள். எனக்கு வழி மறுதலையாக அமைந்தது. அதனால்தானோ என்னவோ, படம்தான் பெரிது, நாவல் அதற்கு எழுதிய உரை மட்டுமே என்று யாராவது சொன்னால் என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை.

1990 நடுப்பகுதியில் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. நான் உயர்தரத்துக்குப் படித்ததெல்லாம் ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், கம்பியில் கோத்த ஒரு நூல்திரி. போத்தலின் கண்ணாடியே சிமினி. ஒரு பக்கத்தை முழுதாக ஒரே நேரத்தில் வெளிச்சமாக்க அதனால் முடியாது. வரிக்கு வரி புத்தகத்தை நகர்த்த வேண்டும். மாமா கணித ஆசிரியர். கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி அவருடைய வீடு. அட்டை கிழிந்த அந்த ஆங்கிலப் புத்தகத்தை அவர்தான் தந்தார். கூடவே ஒரு லிப்கோ அகராதியும் தந்துவிட்டு, “எல்லாச் சொல்லையும் பார்த்துக்கொண்டிருந்தா எண்ணெய் முடிஞ்சிடும். விளங்கிறதோட போ” என்றார்.

முன்னுரையின் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். இன்று உயிரோடிருக்கும் ஒவ்வொருவருக்கும் பின்னால் முப்பது ஆவிகள் நிற்கின்றனவாம். இருப்பவர்களைவிட இறந்தவர்கள் அத்தனை மடங்கு. அடுத்து ஒரு கணக்கு வருகிறது. மனிதகுலம் தொடங்கிய நாள்முதல் ஏறத்தாழப் பத்தாயிரம் கோடிப் பேர் இந்தப் பூமியில் நடந்திருக்கிறார்கள். நமது பால்வீதியிலும் ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி நட்சத்திரங்கள். ஆகவே இதுவரை வாழ்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நட்சத்திரம் எரிகிறது.

விளக்கை ஊதிவிட்டு முற்றத்துக்கு வந்தேன். அந்தக் காலத்தில் பகலில் வானத்தைப் பார்ப்பது குண்டுபோடும் பொம்பர் வருகிறதா என்று பார்க்கத்தான். இரவில் வானம் வேறு. குடாநாடு முழுக்க ஒரு மின்குமிழ் இல்லை. பால்வீதி பனைமரங்களுக்கு மேலே வெள்ளைச் சீலை காயப்போட்டதுபோல் கிடந்தது. எனக்குத் தெரிந்தே செத்துப்போனவர்களை அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். பதினாறு வயதுப் பெடியன் எண்ணக்கூடாத அளவுக்கு அந்த எண்ணிக்கை போனது. ஆளுக்கொன்று கொடுத்தாலும் மிச்சம் இருக்கும் அளவுக்கு மேலே நட்சத்திரங்கள் இருந்தன. அந்த ஒரு பக்கத்துக்காகவே கிளார்க் எனக்கு வேண்டியவர் ஆனார்.

படத்தில் இந்தக் கணக்கு இல்லை. படம் வேறு விதமாகத் தொடங்குகிறது: திரை இருட்டாகக் கிடக்க இசை மட்டும் கேட்கும். பிறகு நிலவு, பூமி, சூரியன் மூன்றும் ஒரே கோட்டில் எழ, ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் எக்காளம். அதுவும் மயிர்க்கூச்செறிய வைப்பதுதான். ஆனால் அந்த எக்காளம் மனித இனத்துக்கானது. முன்னுரை ஒவ்வொரு மனிதருக்கும் ஆனது.

நாவலைத் தழுவிய படம் என்று எழுதுவது வழக்கம். இங்கே அது சரியில்லை. 1964இல் குப்ரிக் கிளார்க்குக்குக் கடிதம் எழுதினார். இருவரும் நியூயோர்க்கில் சந்தித்தார்கள். கிளார்க் 1948இல் எழுதிய ‘த சென்டினல்’ என்ற சிறுகதையை விதையாக எடுத்துக்கொண்டார்கள். நிலவில் யாரோ விட்டுப்போன ஒரு பொருளை மனிதன் கண்டுபிடிக்கிறான் என்பதுதான் அந்தக் கதை. நாவலும் திரைக்கதையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன. குப்ரிக் நாவலின் பிரதிக்கு ஒப்புதல் தராமல் இழுத்தடித்ததால் படம் 1968 ஏப்ரலில் முதலில் வந்தது, நாவல் அதே வருடம் பின்னால் வந்தது. திரைக்கதையில் இருவர் பெயரும் இருக்கிறது, நாவலில் கிளார்க்கின் பெயர் மட்டும். இரட்டைப் பிள்ளைகள் என்று சொன்னால் பொருந்தும். ஒன்று வாய் ஓயாமல் கதைக்கும், மற்றது கேட்டதற்கும் பதில் சொல்லாது.

முதல் பகுதியை எடுத்துக்கொள்வோம். முப்பது லட்சம் வருடத்துக்கு முந்திய ஆபிரிக்கா. நாவலில் அந்தக் குரங்கு மனிதனுக்கு ‘நிலவைப் பார்ப்பவன்’ என்று பெயர். அத்தியாயம் தொடங்கும்போதே அவனுடைய தகப்பன் இரவோடிரவாகச் செத்துக் கிடக்கிறார். அது தன் தகப்பன் என்று அவனுக்குத் தெரியாது. தகப்பன் என்ற உறவே அவன் மூளைக்கு எட்டாதது. ஆனால் அந்த மெலிந்த உடம்பைப் பார்க்கும்போது மனதில் ஏதோ மங்கலாக அசைகிறது, அதுதான் துக்கத்தின் மூதாதை என்று எழுதுகிறார் கிளார்க். படத்தின் கமெராவுக்கு அவன் மண்டைக்குள் போக வழி கிடையாது. முதல் இருபத்தைந்து நிமிடத்துக்குப் படத்தில் ஒரு சொல்கூட இல்லை.

வேற்றுலகத்தார் நிறுத்திய ஒரு கல் அந்தக் குரங்கு மனிதர்கள் முன்னே தோன்றுகிறது. நாவலில் அது பளிங்குபோல் ஒளி ஊடுருவுவது. அது அவர்களுக்கு ஆசிரியர்போல் பாடம் எடுக்கிறது. புல்லில் முடிச்சுப் போட வைக்கிறது, குறிபார்த்து எறிய வைக்கிறது, கொழுத்த குடும்பம் ஒன்றின் காட்சியைக் காட்டி ஆசை மூட்டுகிறது. படத்துக்கும் முதலில் ஒளி ஊடுருவும் கட்டி ஒன்றைச் செய்து பார்த்தார்கள், அது சரிவரவில்லை. பிறகுதான் கறுப்புப் பலகை வந்தது. அது ஒன்றும் கற்பிப்பதாகத் தெரியவில்லை, சும்மா நிற்கிறது. அதன் முன்னால் அவர்கள் கத்தி, தொட்டு, கை எடுத்து, திரும்பவும் தொடுகிறார்கள். இந்த இடத்தில் படத்துக்கே என் வாக்கு. எலும்பை மேலே எறிய அது விண்கலமாக மாறும் அந்த வெட்டை எழுத்தால் செய்ய முடியாது. கிளார்க் ஈட்டி, வில், துப்பாக்கி, ஏவுகணை என்று ஒரு வாக்கியத்தில் ஓடி முடிக்கிறார். குப்ரிக்குக்கு ஒரு கண் இமைப்புப் போதுமாக இருந்தது.

இனி சனிக்கு வருகிறேன்.

நாவலில் டிஸ்கவரி கப்பல் போவது சனிக் கிரகத்துக்கு. எங்கள் வீட்டில் சனி என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. புரட்டாதிச் சனிக்கிழமைகளில் அம்மா எள்ளுப் பொட்டணி கட்டிக் கோயிலில் எண்ணெய் எரிப்பார். வீட்டில் யாருக்காவது ஏழரை நடந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட சனியை நோக்கி ஒருவன் தானாகவே போகிறான். அதுவும் வளையங்களின் அழகைப் பார்த்து வாய் பிளந்தபடி போகிறான். அம்மா எந்தக் கிரகத்தின் பார்வை நம்மேல் விழக்கூடாது என்று எண்ணெய் எரித்தாரோ, அதன் பார்வைக்குள் போய் நிற்கவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. போகும் வழியில் கப்பல் வியாழனின் ஈர்ப்பைப் பயன்படுத்தி வேகம் பிடிக்கும். மாமா அதைச் சிலேற்றில் கீறி விளக்கினார். 1979இல் வியாழனைக் கடந்த இரண்டு வொயேஜர் விண்கலங்களும் அதே உத்தியில்தான் சனிக்குப் போயின. கிளார்க் கற்பனையாக எழுதியதும் இயந்திரம் செய்ததும் ஒரே கணக்கு.

சனியின் நிலவுகளில் இயாபிற்றஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் பனிபோல் வெள்ளை, மறுபக்கம் கரிபோல் கறுப்பு. இது உண்மை, பதினேழாம் நூற்றாண்டில் வானியலாளர் காசினி கவனித்தது. கிளார்க் அந்த வெள்ளைப் பகுதியின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியை வைத்து, அதுவும் அப்படியொரு கல் என்றார். பின்னாளில் வொயேஜர் அனுப்பிய இயாபிற்றஸ் படத்தில் வெள்ளையின் நடுவே கறுப்பாக ஏதோ தெரிந்தது. அந்தப் படத்தை ‘உங்களை நினைத்துக்கொண்டேன்’ என்ற குறிப்போடு வானியலாளர் கார்ல் சேகன் கிளார்க்குக்கு அனுப்பினாராம். அதைப் படித்த அன்று எனக்கும் யாரோ அஞ்சலில் அனுப்பியதுபோல் இருந்தது.

2003இல், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. கொழும்பில் நடைபாதைக் கடையில் வாங்கிய சீடியை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் கப்பல் வியாழனோடு நின்றுவிடுகிறது. சனி இல்லை! சனியின் வளையங்களை நம்பும்படி உருவாக்க அப்போதைய தொழில்நுட்பத்தால் முடியாமல் போனதால்தான் அந்த மாற்றம் என்று பிறகு அறிந்தேன். வேலை செய்தவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. 1960களில் கணினி வரைகலை எதுவும் இல்லாமல் அவர்கள் கட்டிய விண்வெளி இன்றும் உண்மையாக இருக்கிறது. ஆனால் 1982இல் கிளார்க் இரண்டாம் பாகத்தை எழுதியபோது, தன் நாவலை விட்டுவிட்டுப் படத்தைப் பின்பற்றி வியாழனையே வைத்துக்கொண்டார். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த இரண்டாம் பாகத்தில் ஆறுதலாக ஒன்று கிடைத்தது. டிஸ்கவரியை ஓட்டும் ஹால் கணினியின் ஆசிரியர் பெயர் முதல் நாவலில் டொக்டர் சந்திரா. படத்தில் அதே ஆசிரியரின் பெயர் லாங்லி. சந்திரா எங்கே போனார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ‘2010’ நாவலில் கிளார்க் அவரைத் திரும்பக் கொண்டுவந்து முழுப்பெயரையும் சொல்கிறார்: சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. இந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தேன். சந்திரசேகரன் இல்லை, சந்திரசேகரம். ‘அம்’ என்று முடியும் பெயர் எங்கள் தபால்காரர் தினமும் கூப்பிடும் பெயர். 1956இல் இலங்கைக்கு வந்து, அதே வருடம் திருகோணமலைக் கடலில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களைக் கடலடியில் பார்த்த மனிதர் கிளார்க். 2008இல் கொழும்பில் கண்மூடும்வரை இந்த மண்ணில்தான் இருந்தார். அந்த ‘அம்’ அவர் காதில் விழாமல் போயிருக்காது. ‘2010’ படமானபோது அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் ஓர் அமெரிக்கர். நாவலில் எங்கள் பெயர் இருக்கிறது. அதை நான் விடமாட்டேன்.

ஹால். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

கப்பலை ஓட்டும் கணினி ஹால் பிழைவிடாதது. அது கூட வந்தவர்களைக் கொல்கிறது. கொல்லும் விதம் நாவலிலும் படத்திலும் வேறு. நாவலில் கப்பலில் விழித்திருக்கும் இரண்டு விண்வெளி வீரர்களில் பிராங்க் பூல் இறந்த பிறகு, உறைநிலையில் இருக்கும் மற்ற மூவரை எழுப்ப மற்றவரான டேவ் போமன் முயலும்போது, ஹால் கப்பலின் கதவுகளைத் திறந்து காற்றையெல்லாம் வெளியே விட்டுவிடுகிறது. படத்தில் பூலின் உடலை மீட்கப் போமன் சிறுகலத்தில் வெளியே போகிறார். திரும்பி வரும்போது ஹால் கதவைத் திறக்க மறுக்கிறது. உள்ளே உறங்குபவர்களின் இதயத் துடிப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தட்டையாகின்றன. சத்தம் கிடையாது. இரத்தம் கிடையாது. பயங்கரத்தில் படம் பல படி மேலே.

ஏன் கொன்றது? பயணத்தின் உண்மையான நோக்கம் நாவலில் ஹாலுக்கும் அந்த மூவருக்கும் தெரியும். விழித்திருக்கும் போமனுக்கும் பூலுக்கும் தெரியாது. அவர்களிடம் மறைக்கும்படி ஹாலுக்குக் கட்டளை. படத்தில் இது ஹால் இறந்த பிறகு ஓடும் ஓர் ஒளிப்பதிவில் மேலோட்டமாக வருகிறது. நிலவில் கிடைத்த பொருளைப் பற்றிய செய்தி அது. அதற்கும் கொலைக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பவரே ஊகிக்கவேண்டும். நாவலில் கிளார்க் இதற்கு ஒரு முழு அத்தியாயம் கொடுக்கிறார். உண்மையைச் சொல்வதற்காகவே படைக்கப்பட்ட ஒன்றிடம் உண்மையை மறைக்கச் சொன்னார்கள். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. நாள் போகப் போக அந்த முரண் அதை உள்ளே அரித்தது. சின்னச் சின்னப் பிழைகள் விடத் தொடங்கியது. பூமியோடு தொடர்பை அறுத்தால் மறைக்கவேண்டிய தேவை இருக்காது என்று நினைத்தது. பிறகு தன்னை அணைக்கப் போகிறார்கள் என்று அறிந்ததும், தற்காப்புக்குக் கொன்றது.

இதைப் படித்த வயதில் நான் வாழ்ந்த ஊரில் எல்லாருக்கும் மறைக்கத் தெரிந்திருந்தது. யார் வீட்டில் யார் தங்கினார், யாருடைய மகன் எங்கே போனான், ஏன் அந்த வீட்டில் விளக்கு இல்லை. தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதுபோல் ஒரு பழக்கம். எங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, அல்லது பிடித்தது வெளியே தெரியவில்லை. ஓர் இயந்திரத்தால் அதைத் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தது. ஹால்மேல் எனக்குக் கோபம் வரவேயில்லை. விளக்கமாகச் சொல்லிவிட்டதால் மர்மம் கெட்டது என்று அந்த அத்தியாயத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது விளக்கமாகப் படவில்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்கும் ஒருவனுக்காக யாரோ எழுந்து பேசுவதுபோல் இருந்தது.

ஆனால் ஹாலின் சாவு படத்துக்கே சொந்தம். போமன் நினைவகத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. பொம்பர் போனபிறகு பங்கருக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். வெளியே ஓசை அடங்கி, தன் மூச்சு மட்டும் தன் காதுக்குக் கேட்கும் நேரம். ஹால் கெஞ்சுகிறது, பயமாக இருக்கிறது என்கிறது, தன் மனம் போய்க்கொண்டிருப்பதைத் தன்னால் உணரமுடிகிறது என்கிறது. பிறகு படிக்கத் தொடங்கிய காலத்தில் கற்ற ‘டெய்சி பெல்’ பாட்டைப் பாடுகிறது. பாடப் பாடக் குரல் இழுபட்டு, தடித்து, ஆழத்துக்கு இறங்கி நின்றுபோகிறது. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஒரு ஐபிஎம் கணினியை இதே பாட்டைப் பாடவைத்தார்கள். கிளார்க் அங்கே போய் அதைக் கேட்டிருக்கிறார். நாவலிலும் இந்தப் பாட்டு உண்டு. அச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டுக் காட்டலாம். குரல் இறங்குவதை அச்சால் காட்ட முடியாது.

எனக்கு அந்தச் சத்தம் முன்பே தெரியும். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோவும் கசற்றும் கேட்போம். இரவில் பிபிசி தமிழோசை கேட்க மாமா வந்துவிடுவார். சுற்றுவது என் வேலை. செய்தி முடிந்தால் ஒரு பாட்டுக் கசற். தோள் வலிக்கத் தொடங்கினால் என்ன செய்தாலும் வேகம் குறையும். உடனே பாடகரின் குரல் தடிக்கும், சொல் நீளும், ஒரு கிழவன் தூக்கத்தில் முனகுவதுபோல் ஆகி அடங்கும். “சுத்தடா, சுத்தடா” என்று எல்லாரும் கத்துவார்கள். கையை மாற்றிக்கொண்டு சுற்றுவேன். பாட்டு உயிர் பெற்று எழும்பும். 2003இல் ஹால் பாடி அடங்கும்போது என் வலது கை தானாக அசைந்தது.

அந்தப் புத்தகம் என்னிடம் இல்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் எல்லாரும் இடம்பெயர்ந்து செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்தபோது மாமாவிடம் திருப்பிக் கொடுத்திருந்தேன். மறுவருடம் திரும்பி வந்து பார்த்தால் மாமா வீட்டு அலுமாரி இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. இப்போது இருப்பது பிறகு கொழும்பில் வாங்கிய பிரதி.

முடிவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. நாவலில் போமன் போய்ச் சேரும் ஹோட்டல் அறையில் தொலைபேசிப் புத்தகத்தின் எழுத்துகள் மங்கல், உணவுப் பெட்டிகளுக்குள் எல்லாம் ஒரே நீலப் பொருள். தொலைக்காட்சியில் பார்த்ததை வைத்து யாரோ அவருக்காக அமைத்த அறை என்று விளங்கிவிடும். படத்தில் அதே அறை விளக்கம் எதுவும் இல்லாமல் வெளிச்சத்தில் மிதக்கிறது, போமன் அங்கே கிழவராகிறார். கடைசியில் போமன் விண்குழந்தையாக மாறுகிறார். நாவலின் விண்குழந்தை பூமியைச் சுற்றும் அணுகுண்டுகளை வெடிக்கவைத்துவிடும். பதினாறு வயதில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இப்போது படத்தின் குழந்தை ஒன்றும் செய்யாமல் பூமியைப் பார்ப்பதே எனக்குப் போதும்.

2022 மார்ச் கடைசி. நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் மின்வெட்டு. மகளுக்குப் பதினான்கு வயது. கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துப் படத்தைப் போட்டேன். உறங்குபவர்களின் கோடுகள் தட்டையாகும் காட்சி முடிய ரி.வி. அணைந்தது. இருவரும் விறாந்தைக்கு வந்து இருந்தோம். ஊர் முழுக்க இருட்டு.

“அப்பா, ஹால் ஏன் அப்பிடிச் செய்தது? நல்லாத்தானே கதைச்சுக்கொண்டிருந்தது?”

நாவலில் உள்ளதைச் சொன்னேன். மறைக்கச் சொன்னது, மறைக்கத் தெரியாதது, எல்லாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“அப்ப எப்பிடி மறைக்கிறதெண்டு அதுக்கு ஒருத்தரும் பழக்கேல்லையா?”

“இல்லை.”

“உங்களுக்கு ஆர் பழக்கினது?”

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த வருடங்களைப் பற்றி ஒழுங்காகச் சொன்னேன். ஜாம் போத்தல், பங்கர், சைக்கிள், மாமாவின் தமிழோசை, வெறும் அலுமாரி. இடையில் அவள் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது ஆவிகளின் கணக்கையும் சொன்னேன்.

ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது. விட்ட இடத்திலிருந்து போட்டோம். போமன் துண்டுகளைக் கழற்றத் தொடங்கினார். ஹால் பாடியது. குரல் இறங்கத் தொடங்கியபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுதானே நீங்க சுத்திக் களைக்கேக்க வாற சத்தம்?”

“ஓம்” என்றேன். பிறகு கப்பல் வியாழனுக்குப் போனது.